மூன்றாவது சுற்று

பழைய மெமரியைச் சுத்தம் செய்யப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பர் போதும். அந்தப் பச்சை அட்டையின் விளிம்பில் வரிசையாகத் தங்கநிறப் பற்கள் இருக்கும். எங்கள் இராமநாதபுரத்து உப்புக் காற்றில் அவை மங்கிப்போகும். நாலு தேய் தேய்த்தால், செத்துப்போனதென்று கொண்டுவந்த கம்ப்யூட்டர்களில் பாதி எழுந்து உட்கார்ந்துவிடும். மீதிப் பாதியைச் சோதிக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி விற்கும் கடையில் அந்தச் சோதனைதான் என் வேலை.

அதை எப்படிச் செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிடியைப் போட்டால் நீலத் திரை வரும். கம்ப்யூட்டர் மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் எதையாவது எழுதும், எழுதியதைத் திரும்பப் படிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்புக் கோடு விழும். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம். மூன்று சுற்று ஓட்ட வேண்டும், ஏனென்றால் சில மெமரி நன்றாகச் சூடேறிய பிறகுதான் பிசகும். மூன்றிலும் தேறினால் தேதியும் 'இ' என்ற என் எழுத்தும் போட்டு மெமரியின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவேன்.

இ என்றால் இருளம்மாள். சாயல்குடிப் பக்கம் விறகெரித்துக் கரிமூட்டம் போடுகிற வீட்டின் முதல் பட்டதாரி. கல்லூரியில் இந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் சிரித்தார்கள். முதலாளி ஜெய்னுலாபுதீன் சிரிக்கவில்லை. "நீ பாத்து அனுப்புன சாமான் ஒண்ணு திரும்பி வந்தாலும், நீயும் ஊருக்குத் திரும்பிரணும்த்தா" என்றார். நியாயமான பேச்சுதான்.

2008இல் கரண்ட் நினைத்தபோது போகும். மலிகா அக்கா வாங்கிய கம்ப்யூட்டரில் முதல் சுற்று முடிந்ததும் போனது. திரும்பி வந்தபோது அவர் ஊருக்குப் போகும் தேவிபட்டினம் பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. ஒட்டுத்தாளை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். அது தவறு. ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல.

மலிகா அக்கா படித்தது ஒன்பதாவது வரை. கணவர் சதக், சவுதியில் தம்மாமில் டிரைவர். வீட்டிலிருந்தே இங்கிலீஷ் பக்கங்களை டைப் அடித்துக் கொடுக்கும் வேலையை அக்கா ஒரு மெட்ராஸ் கம்பெனியிடம் பிடித்திருந்தார். பிழை மலிந்தால் வேலை போய்விடும். கடையில் அவர் அடித்துப் பார்த்தபோது முதலாளி, "ஏத்தா இருளு, பட்டதாரிய விட வெரசா அடிக்குதே இந்தப் புள்ள" என்றார். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, நான் ஈ-ன்னுதான் அடிக்கிறேன். காலைல தொறந்தா ஜி-ன்னு நிக்குது. என்னைய நக்கல் பண்ணுதா இது?" அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அச்சடித்த தாள்களைப் பார்த்தேன். ஏ வர வேண்டிய இடத்தில் சி. ஈ-க்கு ஜி. ஐ-க்கு கே. பக்கத்துக்கு ஒன்றிரண்டுதான், ஆனால் எல்லாமே இரண்டெழுத்துத் தள்ளி. மனிதர் செய்யும் பிழை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. இதைக் கண்டுபிடிக்கிற படிப்புக்காகத்தான் என் அய்யா மூன்று வருடம் புகை தின்றார்.

உள்ளே கொண்டுபோய் ஓட்டினேன். முதல் சுற்று சுத்தம். இரண்டாவதும். மூன்றாவதில் சிவப்புக் கோடுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக.

மாற்று மெமரி வேண்டுமென்றால் பழுதானதை முதலாளி கையில் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதில் என் எழுத்து இருந்தது. திரையை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"அக்கா, ராத்திரி சரியாத் தூங்குறீங்களா?"

அவர் சிரிப்பு நின்றது. யோசித்தார். "எங்கத்தா. பிள்ளையப் படுக்கப் போட்டுட்டுத்தானே ஒக்கார்றேன்."

"அதான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், கம்ப்யூட்டரை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். இதில் பொய் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த முறை மாமியார் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா அடித்ததை வாய்விட்டுப் படித்து, திரையில் விரல் வைத்து மறுபடி படித்த பிறகுதான் மூடுகிறாராம். அப்படியும் காலையில் மாறியிருக்கிறதாம். அது டைப்போடு நிற்கவில்லை. குழம்பில் உப்புப் போட்டோமா என்று மூன்று தடவை நக்கிப் பார்க்கிறார். தொழுகையில் எத்தனை ரக்அத் ஆனது என்று அவருக்கே நம்பிக்கை இல்லாமல், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொல்கிறார்.

மாமியார் குரலைத் தணித்தார். "நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. கோளாறு மிஷின்லயா, இவ மண்டையிலயா?"

நீ படிச்ச புள்ள. அந்த வார்த்தைக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

"மிஷினு நாம சொல்றதத்தாம்மா செய்யும்" என்றேன். கல்லூரியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது.

மலிகா அக்கா மெல்லத் தலையாட்டினார். என்னை நம்பித்தான் ஆட்டினார்.

கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. நோன்புக்கு முன்னால், புத்தி தெளியட்டும் என்று அவரை ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய்த் தங்கவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அக்காவின் கொழுந்தன் வந்து கம்ப்யூட்டரை எங்கள் கடைக்கே விற்றுவிட்டுப் போனார். வெளியிலிருந்து வந்த சாமானில் பழுது இருந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. என் ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மெமரியை முதலாளியிடம் கொடுத்து வேறு வாங்கிப் பொருத்தினேன். நாலு நிமிடம் ஆனது. பிறகு மூன்று சுற்றும் ஓட்டினேன். ஒரு சிவப்புக்கூட இல்லை.

மறுவாரம் சதக் வந்தார். அவசர லீவில் வந்தவர், ஏர்வாடி போய்விட்டு நேரே கடைக்கு வந்திருந்தார். அலமாரியில் இருந்த கம்ப்யூட்டரை அடையாளம் கண்டு அதன்மேல் கையை வைத்தார்.

"தங்கச்சி, அவ புத்தியே அவள ஏமாத்துதுன்னு மூலையில ஒக்காந்திருக்கா. ஓதிப் பாத்தாச்சு, மாத்திரையும் குடுத்தாச்சு. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. ஒங்களத்தான் நம்புறா. இதுலதான் கோளாறு இருந்துச்சு, ஒன்மேல இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

முதலாளி மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல ஒரு கோளாறும் இல்லண்ணே" என்றேன். "மூணு சுத்து நானே ஓட்டிப் பாத்தேன்."

அதுவும் பொய்யில்லை. அப்போது அதில் ஒரு கோளாறும் இல்லை.