வேட்டைக்காரரின் காது

வுப்பர்டாலிலிருந்து கொலோனுக்குப் போகும் காலை ரயில். எதிரே இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள். இளையவர் சொன்ன முதல் வசனத்திலேயே நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"துவக்குக்குச் சைலன்சர் பூட்ட நான் ஒப்பம் வைச்சுக் குடுத்திட்டு வாறன், அண்ணை."

"உமக்கென்ன விசரே? ஆரின்ரை துவக்கு?"

"பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர். வேட்டைக்குப் போறவர். சைலன்சருக்கு அனுமதி கேட்டு அன்ட்ராக் எழுதி, துவக்கு லைசன்ஸ் குடுக்கிற ஒபிஸுக்குப் போடுறார்."

"களவாய்ச் சுடுறவன்தானே சைலன்சர் பூட்டுவான்? படத்திலை பாக்கிறேல்லையே?"

"ஒபிஸிலையும் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னவையாம். அவர் சொல்லுறார், பூட்டினாலும் வெடி கேக்குமாம். காது போற அளவுக்குக் கேக்காதாம்."

"காதை மூடிக்கொண்டு சுடலாமே?"

"மூடினால் காட்டுப் பண்டி வாறது கேக்காதாம். நாயின்ரை காதும் பாவமாம்."

"ஊரிலை ஷெல்லடிக்கேக்கை எங்கடை காதுக்கு ஆர் அன்ட்ராக் போட்டது? அது கிடக்கட்டும், உம்முடைய ஒப்பம் எதுக்கு?"

"சுட்டுச் சுட்டு அவருக்கு இப்பவே காது அடைச்சுப் போச்சாம். வேலியிலை நிண்டு கூப்பிட்டாலும் கேக்காது எண்டு அயலிலை ஒராள் எழுதிக் குடுத்தால் நல்லமாம்."

பெரியவர் கேட்டார்:

"ஞாயிற்றுக்கிழமை உங்கடை மிக்ஸிச் சத்தம் தாங்க ஏலாது எண்டு வீட்டுக்காரனுக்குக் கடிதம் போட்டது ஆர்?"

"அவரேதான்."

இளையவர் இறங்க எழுந்தார். தோள்பையைத் தட்டிக் காட்டினார்.

"அதுதான் அண்ணை, ஒப்பம் வைச்ச கையோடை வீட்டுக்காரனுக்குக் காட்ட எனக்கும் ஒரு கொப்பி எடுத்து வைச்சிருக்கிறன்."