நாலாவது கடிதத்தின் முற்றுப்புள்ளி

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது. எங்கள் எஸ்டேட் தூள் இல்லை போலிருக்கிறது. சர்க்கரை எனக்கு ஆகாது, இருந்தாலும் குடித்துவிட்டேன். இனிமேல் உடம்பைப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

என் பெயர் ராஜரத்தினம். சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். எமரால்டு ஊருக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் இருபத்தாறு வருடமாக ஹெட் கிளார்க். என்னைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சும் ஆளுக்கு யார் பயப்படுவார்கள்? என் சிவப்புப் பேனாவுக்குத்தான் பயம்.

எங்கள் மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே கூரை ஒழுகினாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். அது என் மேசைக்கு வந்து, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே போகும். நேராகப் போய் நின்றால் ஆபீஸ் வழியாக வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். இதுதான் வழக்கம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே முற்றுப்புள்ளிகளை விட்டுவிட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். அப்போதிருந்த மேனேஜர் ஆபீஸ் நடுவில் நின்று அதை மூச்சு விடாமல் படித்துக் காட்டி, மயக்கம் வந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அன்று முதல் புள்ளி சரியில்லாத கடிதம் என் மேசையைத் தாண்டியதில்லை.

ஜீவிதாவை உங்களுக்குத் தெரியும். கொழுந்து பறிக்கும் மூக்கம்மாவின் மகள், பி.காம். படித்தவள். முதல் கடிதத்தை ஜூன் மாதம் கொண்டுவந்தாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் மூன்றாம் நம்பர் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர் வெடித்திருக்கிறது, மழை பிடிப்பதற்குள் இன்ஜினியரை அனுப்ப வேண்டும் என்று. பக்கம் முழுக்க ஒரே வாக்கியம்.

“சார், வெடிப்புல கைய வெச்சா முழங்கை வரைக்கும் உள்ள போகுதுங்க சார்.”

“கை போறது இருக்கட்டும் கண்ணு. உன்ற வாக்கியம் எங்க போய் நிக்குது, அதச் சொல்லு.”

சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். இரண்டாவது கடிதத்தில் வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி. ஆபீஸ் கடிதத்தில் கத்தக் கூடாது என்றேன். மூன்றாவதில், இன்ஜினியர் எப்போது வருவார் என்று அறிய விரும்புகிறோம் என எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தாள். அங்கே கேள்வி இல்லை, விருப்பம்தான் இருக்கிறது. முற்றுப்புள்ளிதான் வர வேண்டும். பொறுமையாக விளக்கித்தான் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் ஜூலை பாதி போய்விட்டது.

இலை எடை போடும் இடத்தில் ஒருநாள் மூக்கம்மா எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க கிளார்க்கு சார், உங்களுக்கு ஒரு புள்ளிதானுங்களே வேணும்? எம்பட நெத்திப் பொட்டப் பிச்சு ஒட்டிக்கோங்க. செவுரு அதுக்குள்ள உளுந்துரும்.”

கூடைகள் குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல கிண்டலை நான் மதிப்பவன்.

நாலாவது கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. அதில் தவறு இல்லை. ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு மூன்று முறை படித்தேன். இதை மேலே அனுப்பினால், யார் எழுதியது என்று மேனேஜர் கேட்பார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பார். இவ்வளவு நன்றாக எழுதும் பெண் லைனிலேயே இருக்கும்போது திருத்துவதற்கென்று ஓர் ஆள் எதற்கு என்று அவருக்குத் தோன்றும். கடிதத்தை டிராயரில் வைத்தேன். ஒருநாள் போனால் ஏதாவது தவறு கண்ணில் படும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் எடுத்துப் படித்தேன். படவில்லை.

புதன்கிழமை காலை ஜீவிதா மறுபடி வந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல், ஒரு நாள் லீவு வேண்டும் என்று கடிதம். கொட்டும் மழையில் நனைந்து நின்ற பெண்ணைப் பார்க்க மனசு கேட்கவில்லை. புள்ளிகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

“சார், அந்தச் செவுத்துக் கடிதம்?”

“பாத்துக்கிட்டே இருக்கேன் கண்ணு.”

அது பொய் இல்லை.

பதினோரு மணிக்குச் சுவர் விழுந்தது. லைனில் மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜீவிதா மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் கொடுத்த லீவில் மூக்கம்மா மட்டும் வீட்டில் படுத்திருந்தாள். மண்ணை விலக்கி வெளியே எடுத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். நெற்றியில் பொட்டு இல்லை.

ஆபீசுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அரை பிளேடால் நாலாவது கடிதத்தின் கடைசி முற்றுப்புள்ளியைச் சுரண்டி எடுத்தேன். அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, திருத்திக் கொண்டுவரவும் என்று எழுதி, தேதியும் போட்டேன். பழகிய வேலைதானே.

காரியம் முடிந்த மறுநாள் ஜீவிதா வந்தாள்.

“சார், அந்தக் கடிதத்துல என்னங்க தப்பு?”

எடுத்துக் காட்டினேன். வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் வெச்சேன்னு நெனச்சனுங்க சார்” என்றாள். பிறகு, “அப்ப என்னாலதானுங்களா எங்கம்மா” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

தண்ணீர் கொடுத்தேன். “விடு கண்ணு, எல்லாருக்கும் வர்ற தப்புத்தான்” என்று சொல்லித் தேற்றினேன். எனக்கும் கண் கலங்கியது, நம்புங்கள்.

பன்னிரண்டு நாள் அவள் அப்படியே நம்பினாள். சோறு இறங்கவில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று லைனில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன். அப்புறம்தான், என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. சற்று முன்னால் நீங்கள் அதைப் பெரிதாக்கிக் காட்டினீர்கள். கடைசி வரியில் புள்ளி இருக்கிறது. சரியான இடத்தில், உருண்டையாக.

எல்லாம் நான் செய்ததுதான். கடிதத்தை வைத்திருந்ததும், சுரண்டியதும், அந்தப் பெண்ணை நம்பவிட்டதும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவளைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்று முறை திருப்பிக் கொடுத்து நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.