மீத்திறன் வகுப்பின் வாசலில் ஒரு லோரி

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் திரு. கமலநாதன் அவர்களே! பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைப் பேணிக் காத்துவரும் பெரியவர் தம்புசாமி அவர்களே! புதிய வகுப்பை வழிநடத்தப்போகும் ஆட்ரி டீச்சர் அவர்களே! சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு, மேருவிலிருந்தும் காப்பாரிலிருந்தும் நெரிசலில் நீந்திவந்து, இந்தக் கிள்ளான் மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! டியூஷன் டீச்சர் குமுதாவின் அன்பு வணக்கம் உங்கள் அனைவருக்கும்!

மீத்திறன் வகுப்பு! சொல்லும்போதே நாக்கு இனிக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி அறை, தனி ஆசிரியர், தனிப் பாடத்திட்டம்! கேட்கக் கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் நெஞ்சு நெருடுகிறது. என்னை வாழ்த்துரைக்கு அழைத்தார்கள், வாழ்த்துவேன். சந்தேகத்தை மென்று விழுங்கிவிட்டு வாழ்த்த எனக்கு வராது.

என்ன அண்ணே, பின்வரிசையில் சிரிப்பு? 'டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க லா' என்கிறீர்களா? ஆமாம், ஆரம்பித்துத்தான் விட்டேன்.

பிறவியிலேயே பூத்த திறமையைக் கண்டுபிடிக்கத்தானே இந்தத் தேர்வு? அப்படியென்றால், தேர்வு அறிவித்த வாரமே என் டியூஷன் வாசலில் செருப்புக் கழற்ற இடமில்லாமல் போனது ஏன்? 'டீச்சர், மகனை எப்படியாவது கிப்டட் ஆக்கிருங்க' என்று ஒரு தகப்பனார் கெஞ்சினாரே, ஏன்? பிறவித் திறமைக்கும் டியூஷனா, பெரியோர்களே?

அடுத்த வாரம், மாதிரித் தேர்வுத் தாள்கள் கொண்ட பையோடு ஒரு விற்பனையாளர் வந்தார். 'ஸ்கூல்ல கேக்குறது இதே மாதிரிதான் டீச்சர். பழக்கிட்டா போதும், உள்ள போயிருவாங்க' என்றார். நான் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பை என் வீட்டுக்கு வரும்போதே பாதி காலி! எனக்கு முன்னால் எத்தனை வீட்டில் விற்றாரோ, யாருக்குத் தெரியும்? பழக்கினால் வருவது பழக்கமா, திறமையா? பழகிய பிள்ளை உள்ளே, பழகாத பிள்ளை வெளியே என்றால், இந்தக் கதவு யாருக்காகத் திறக்கிறது?

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அவளும் அவளுடைய அம்மா லோகேஸ்வரியும் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவி யாஷினி. தேர்வில் நான்கு படங்கள்: பஸ், ரயில், படகு, லோரி. சேராதது எது? சக்கரம் இல்லாத படகு என்றார்கள் மற்ற பிள்ளைகள். யாஷினி லோரி என்றாள். தவறு! அந்த ஒரு மதிப்பெண்ணில் இடம் நழுவியது. ஏன் லோரி என்று யாராவது கேட்டார்களா? நான் கேட்டேன்.

'மத்ததுல எல்லாம் ஆளுங்க ஏறிப் போலாம் டீச்சர். லோரில சாமான் மட்டுந்தான். எங்க அப்பா என்னையே ஏத்த மாட்டாரு. முதலாளி ஏசுவாரு.'

அவளுடைய அப்பா விமலன் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறார். இந்தப் பதிலில் என்ன பிழை கண்டீர்கள்? ஆட்ரி டீச்சரிடமே போய்க் கேட்டேன். பாவம், அவருக்கும் மனம் கேட்கவில்லை. 'விடைன்னு படகுதான் போட்டிருக்கு அக்கா, நான் எப்படி மாத்துறது?' என்றார். தேர்வை எழுதியவருக்குத் தெரிந்தது ஒரே விடை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இன்னொன்றும் தெரிந்தது. இதில் யார் மீத்திறன்?

கைதட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை.

போன வாரம் டியூஷனில் ஒரு புதிர் போட்டேன். முன்பெல்லாம் கேள்வி முடியும் முன்பே குதித்து எழுந்து கத்துவாள் யாஷினி. அன்றைக்கு உட்கார்ந்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: 'டீச்சர், உங்களுக்கு எந்தப் பதில் வேணும்?'

தாய்மார்களே! இடம் போனால் அடுத்த ஆண்டு கேட்டு வாங்கலாம். துணிவு போனால் யாரிடம் கேட்டு வாங்குவது? திறமையைத் தேடப் போன தேர்வு, இருந்த திறமையைத் திருடிக்கொண்டு வந்தால் அதற்குத் திறப்பு விழாவா?

தலைமையாசிரியர் அவர்களே, கத்தரிக்கோல் உங்கள் முன்னால் தட்டில் இருக்கிறது. ரிப்பன் வெட்டும் முன் ஒரு வேண்டுகோள். தவறு என்று கோடு போட்ட பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால் உள்ளே விடுங்கள். கேட்காமல் திறந்தால், ஆண்டு முழுக்க நான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பேன், உரக்கச் சந்தேகப்படுவேன்!

என்ன சார்? 'திங்கட்கிழமை கேக்குறோம்' என்கிறீர்களா? நன்றி ஐயா! அதை மைக்கில் சொல்லிவிடுங்கள், பின்வரிசைக்கும் கேட்கட்டும். எந்தத் திங்கட்கிழமை என்பதையும் சேர்த்து.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. யாஷினி, திங்கட்கிழமை சார் ஏன் என்று கேட்பார். அவர் முகத்தைப் பார்க்காதே. உனக்குத் தோன்றியதைச் சொல்லம்மா. வணக்கம்!