கடுகு வெடிக்கிற சத்தம்

— பெருங்காயம் அப்புறம் எடுங்க ஷரீபம்மா, இதக் கேளுங்க. ‘வந்து கூட்டிக்கிட்டுப் போங்க’ன்னு எங்கப்பனுக்கு மூணு கடுதாசி போட்டாச்சு. மூணுக்கும் ‘நீ சொகமா இருக்கறதுல சந்தோசம்’னே பதில் வருது. எனக்கு ஒண்ணும் புரியலீங்க.

— யாரு எழுதறது, பாவாயி?

— மாமனாருதானுங்க. எனக்கேது எழுத்து? நான் சொல்லச் சொல்ல எழுதறாரு.

— பூட்டி வெச்சவர்கிட்டயே ‘பூட்டி வெச்சிருக்காங்க’ன்னு எழுதச் சொன்னியாக்கும்.

— எழுதுனத ஒரு வார்த்த வுடாமப் படிச்சும் காட்டுனாருங்களே.

— வாய் ஒண்ணு படிக்கும், கை ஒண்ணு எழுதும். கேட்டுக்கோ புள்ள. பருப்பு அடிப்பிடிச்சா என்ன பண்ணுவே? பெருங்காயத்தத் தண்ணியில கரைச்சா சட்டியோட நின்னுரும். எண்ணெயில பொரிச்சுக் கொட்டுனா வூடு பூரா மணக்கும், தீஞ்ச வாடை அதுக்கடியில போயிரும். அந்தக் கை ஒம் மாமனாருக்கு. ‘ஈசுவர கிருபையால் க்ஷேமம்’னு ஆரம்பிச்சா, அதுக்கு மேல ஒங்கப்பன் எதைத் தேடப்போறாரு?

— ஓகோ. அதனாலதான் போன பதில்ல ‘பெருங்காயக்காரி பேச்சக் கேக்க மாட்டோம்’னு இருந்துச்சா.

— கடுதாசியில என்னையும் சேத்துத் தாளிச்சுட்டாரா? நல்லாருக்கு. நானே ராசிபுரம் போயி ஒங்கப்பன்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்.

— நீங்க சொன்னா இனி நம்ப மாட்டாங்க.

— பட்டாளத்துலருந்து ஒம் புருசன் வர்ற வரைக்கும் பொறுத்துக்கயேன்.

— பர்மாவுல இருக்கறாரோ இல்லியோ. அதுவரைக்கும் இந்த அடுப்படி ஜன்னக் கம்பி வழியாத்தான் வெயிலப் பாக்கணுமா? நேத்து அத்தை கரண்டியில சூடு வெச்சுது. கையப் பாருங்க.

— அல்லாவே. பெரியவரு எங்க?

— கெணத்துல குளிக்கறாரு. மத்தியானம் கரியில ஓடற பஸ்ஸுல எங்கூருக்குப் போறாரு. எங்காத்தாளுக்கு என் கையால புளிச்சோறு கட்டோணுமாம். அவ தின்னுபோட்டு, மக நல்லாத்தான் இருக்கான்னு நெனைச்சுக்கோணுமாம்.

— சோத்துலயும் பொய்யா. கட்டிட்டியா?

— கெளறி வெச்சிருக்கறேன். தாளிச்சுக் கொட்டறது ஒண்ணுதான் பாக்கி.

— ஏம்புள்ள, எண்ணெச் சட்டிய அடுப்புல வெக்கறே? என்ன யோசன?

— கடுகு ஒரு பிடி போடுங்க ஷரீபம்மா.

— இந்தா. இப்ப எதுக்கு அவசரம்?

— கடுகு வெடிக்கற சத்தத்துக்கு அத்தை கூடத்துல காது வெச்சுக்கிட்டு இருக்குது. வெடிக்கட்டும், ஊடும் மணக்கட்டும். எல்லாத்தையும் எங்க மூணு பேர்த்துச் சோத்துல கொட்டிருவேன்.

— அப்ப ஒங்காத்தாளுக்கு?

— எழவு ஊட்டுச் சோறு எப்படி ஆக்குவோமோ அப்படி, அவளுக்குப் போற புளிச்சோத்தத் தாளிக்காமக் கட்டறேனுங்க. அத ஒரு வாய் வெச்சுட்டா, மாமனாரு என்ன சொன்னாலும், மக உசுரோட இருக்கறாளான்னு இங்க வந்து கண்ணால பாக்காம அடங்க மாட்டா.