முனியாண்டி முன்னால் ஒரு சத்தியம்

பசறையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். கோதுமை மா மூட்டையை மடியில் வைத்திருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"பொலிஸ்காரர முனியாண்டிதான் கெடுத்துட்டாரு, அக்கா."

"என்னாடி சொல்ற?"

"போன வாரம் இன்ஸ்பெக்டர் ஐயா குடிச்சிட்டு ஜீப்ப தேயிலைக்குள்ள விட்டாருல்ல? சனம் மறுபடி நம்பணும்னு நேத்து எங்க தோட்டத்துக்கே வந்தாரு. 'இனி குடிச்சிட்டு ஓட்ட மாட்டேன்'னு முனியாண்டி முன்னால கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுனாரு."

"நல்லதுதானே?"

"ஒடனே பூசாரி, சாமிக்குப் படைச்ச சாராயத்த பிரசாதம்னு நீட்டிட்டாரே!"

"வாங்கிட்டாரா?"

"வேணாம்னா சாமி குத்தமாயிடாதா? ரெண்டாவது தடவ அவரே கைய நீட்டுனாரு."

கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"அப்ப சத்தியம் என்னாடி ஆச்சு?"

"அத மீறலக்கா. சாவிய எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டாரு. அவருதான் ஜீப்ப ஓட்டிக்கிட்டுப் போயி ஸ்டேஷன்ல விட்டாரு."

"அவரு கொழுந்து லொறியில கிளீனர்தானே? லைசன் ஏது?"

"பிடிக்க வேண்டியவரு பின்சீட்டுல கொறட்ட விடுறாரு. வேற யாருக்கா பிடிக்கிறது?"