தெருவுக்கே நல்ல கிணறு

— கயிறை வை கண்ணு. வைன்னு சொல்றேன்ல. இந்த வெயில்ல வந்ததும் வராததுமா வாளியைப் புடிக்கிறியே! மொதல்ல உள்ள வந்து உக்காரு. பாட்டிலைக் குடு, எப்பவும் போல நானே புடிச்சுத் தரேன்.

— இன்னிக்கு நானே எடுத்துக்கிறேன்க்கா.

— இது என்ன புதுசா? ஆராய்ச்சி பண்றதுதான் உன் வேலை. தண்ணி சேந்துறது எங்க வேலை. பழக்கமில்லாத கை, கயிறு அறுத்துடும்.

— அறுத்தா அறுக்கட்டும்.

— அடேயப்பா! மூஞ்சியே சரியில்லையே. சாப்பிட்டியா இல்லையா?

— அக்கா, ஒரே ஒரு கேள்வி. இத்தனை மாசமா நீங்க பாட்டில்ல புடிச்சுக் குடுத்தது இந்தக் கிணத்துத் தண்ணிதானே?

— பின்ன? கிணத்துக்காரிகிட்ட வந்து கேக்குற கேள்வியா இது? தையக்காரிகிட்டப் போய் உன்கிட்ட ஊசி இருக்கான்னு கேக்குற மாதிரி.

— என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க.

— உன் கண்ணைப் பாக்கத்தான் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்திருக்கேன். தலகாணி உறை மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. சாயங்காலம் கடைக்காரன் வந்து நிப்பான்.

— நேத்து வெளியூர்ல இருந்து ஒரு பெரிய பேராசிரியர் வந்திருந்தார்க்கா, என் ஆய்வைப் பாக்க. எங்க புரொஃபசர் பெருமையா உங்க கிணத்துக் கணக்கை எடுத்து வச்சார். தெரு முழுக்கக் கெட்ட தண்ணி, நடுவுல இந்த ஒரு கிணறு மட்டும் சுத்தம். அடியில ஏதோ ஒரு பாறை அணை கட்டின மாதிரி தடுத்து நிக்குதுன்னு அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அந்தப் பாறை மேல அவருக்குக் காதல்னே சொல்லலாம். நானும் அதை நம்பி ஒரு அத்தியாயமே எழுதிட்டேன்.

— நல்ல சேதிதானே? அதுக்கு ஏன் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி இருக்கே?

— வந்தவர் காகிதத்தைப் பாத்துட்டு சிரிச்சார். "மண்ணுக்குள்ள இருந்து வர்ற தண்ணியில கொஞ்சமாவது சுண்ணாம்பு இருக்கணும். இதுல ஒண்ணுமே இல்லையே, இது கிணறா இல்ல கடையில வாங்கினதா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. உங்க சமையலறை மூலையில ஒரு தண்ணி கேன் இருக்குமே, அதுதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

— கேன் எந்த வீட்டுலதான் இல்ல?

— கிணறு சுத்தம்னா கேன் எதுக்குக்கா? எத்தனை தடவை அதுக்குப் பக்கத்துல உக்காந்து உங்க கையால டீ குடிச்சிருக்கேன்! படிச்சவதான் நான். எனக்கு உறைக்கவே இல்லையே.

— வெயில்ல நிக்காதே, நிழலுக்கு வா.

— பேச்சை மாத்தாதீங்க. இந்தப் பட்டையைப் பாருங்க, வெறும் காகிதம்தான். கக்கூஸ் குழியில இருந்தும் வயல்ல போடுற உரத்துல இருந்தும் ஒரு உப்பு மண்ணுக்குள்ள இறங்குது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அது தண்ணியில இருந்தா இந்தக் காகிதம் ரோஸாகும். ஒரு டம்ளர் கேன் தண்ணி கொண்டு வாங்க, மொதல்ல அதைப் பாப்போம்.

— ...இந்தா.

— வெள்ளையாவே இருக்கு, பாத்தீங்களா? இப்போ வாளியில நான் சேந்தின தண்ணி.

— என்ன கண்ணு இது! சாயத் தொட்டியில போட்ட துணி மாதிரி ஏறிக்கிட்டே போகுது!

— உங்க கிணறுதான் இது.

— சோத்துல முழுப் பூசணிக்காயை மறைச்சிட்டேன்னு சொல்லாம சொல்றே.

— மறைச்சீங்களா?

— மறைச்சேன்.

— ஏன்க்கா?

— மொத நாள் வந்தியே, நெனவு இருக்கா? வாசல்ல நின்னு "கிணறு இருக்குதா"ன்னு கேட்டே, அடுத்த நிமிஷம் சரிஞ்சு விழுந்தே. தூக்கிட்டுப் போய் கட்டில்ல போட்டு மூஞ்சில தண்ணி தெளிச்சேன். கண்ணு முழிச்சவ தாகம்னு கூட கேக்கல, பாட்டில் நிரப்பணும்னே. நீ படு, நான் நிரப்பித் தரேன்னு வாங்கிட்டுக் கிணத்துக்குத்தான் போனேன். சத்தியமா சொல்றேன். வாளியை இறக்கப் போனவளுக்கு மனசு வரல. வீட்டுக்கு வந்த பொண்ணுகிட்ட, துணி துவைக்கிற தண்ணியவா குடுத்து அனுப்புறது?

— நான் என்ன குடிக்கவா கேட்டேன்? சோதிக்கத்தானேக்கா!

— சோதிக்கிறதுன்னா யாரோ ஒருத்தர் வாயில வச்சுப் பாப்பாங்கன்னு நெனச்சேன். நம்ம வீட்டுல இருந்து போறது, நல்லதாப் போகட்டுமே.

— மிஷின்தான்க்கா பாக்குது! மனுஷங்க யாரும் குடிக்கிறதில்ல.

— சிரிக்கிறியா அழறியா?

— ரெண்டும்தான். உங்களைத் திட்டலாம்னுதான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வார்த்தையைச் சேத்துக்கிட்டே வந்தேன். ஆனா நான் எடுக்காத தண்ணிக்கு, நானே எடுத்தேன்னு பாட்டில் மேல எழுதி ஒட்டினது யாரு? உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

— நீ திட்டினாலும் வாங்கிக்குவேன்.

— நாளைக்குப் பஞ்சாயத்துக் கூட்டம்க்கா. உங்க கிணறு நல்ல கிணறுன்னு என்னை எழுதிக் குடுக்கச் சொல்றாங்க.

— நோட்டீஸ் ஒட்டின நாள்ல இருந்து எனக்குச் சோறு இறங்கல. ரிப்போர்ட்டுன்னா எழுதி பீரோவுல பூட்டி வச்சிடுவீங்கன்னு இருந்தேன். அதை வச்சு என் கிணத்துல மோட்டார் போட்டு, தெருவுக்கே குழாய் இழுப்பாங்கன்னு கனவா கண்டேன்? சொல்லணும்னு வாயெடுப்பேன், நாக்கு எழும்பாது.

— கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத்தான் மொத குழாய் போகப் போகுது. அதுதான் எனக்கு பயம்.

— அக்கோவ்! தண்ணிப் பொண்ணு வந்திருக்காங்களா? பேச்சுக் குரல் கேட்டுச்சே!

— வாடி. கண்ணு, இவ பக்கத்து வீட்டுக்காரி. சுவத்துக்கு மேல தலை மட்டும்தான் தெரியும். ஆனா தெருச் சேதி மொத்தமும் அந்தத் தலைக்குள்ளதான்.

— போங்கக்கா, கிண்டலா? பையன் இப்பத்தான் தூங்கினான், அதான் எட்டிப் பாத்தேன். ஏங்க, எங்க வீட்டுக்குத்தான் மொத குழாயாமே, நெஜமா? எனக்குத் தாய்ப்பால் பத்தலங்க, டப்பா பால்தான். கேன் தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு. இனிமே அக்கா கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சுக் கலக்கினாப் போதும், இல்லைங்க?

— கொதிக்க வச்சா இன்னும் மோசம்ங்க. தண்ணி ஆவியாப் போயிடும். அந்த உப்பு போகாது, கெட்டிப்படும்.

— எந்த உப்பு? இவங்க கிணத்துல ஒண்ணுமே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?

— அது வந்து... என் கணக்குல ஒரு தப்பு நடந்து போச்சு. நான்...

— நீ சும்மா இரு கண்ணு. அடுத்தவ பழியைத் தூக்கித் தலையில வச்சுக்காதே. இங்க பாருடி, என் கிணறும் உன் கிணறும் ஒண்ணுதான். கேன் தண்ணியைப் புடிச்சு இவ பாட்டில்ல ஊத்தி ஊத்திக் குடுத்தது நான். பாவம், இவளுக்கு ஒண்ணும் தெரியாது.

— என்னக்கா விளையாடுறீங்க?

— விளையாட்டு இல்ல. பையனுக்கு இதுல ஒரு சொட்டு குடுத்துடாதே.

— ஐயோ, குடுத்தா என்ன ஆகும்ங்க?

— இந்த உப்பு கைக்குழந்தை உடம்புக்குள்ள போனா, மூச்சுக் காத்தை ரத்தம் சரியா எடுத்துட்டுப் போகாது. உதடு, நகமெல்லாம் நீலமாகும். உயிருக்கே ஆபத்துங்க. இதுவரைக்கும் குடுத்திருக்கீங்களா?

— இல்லங்க. குழாய் வரட்டும், அப்புறம் கேனை நிறுத்தலாம்னு இருந்தேன். அக்கா... நாளைக்குன்னு நாள் எண்ணிக்கிட்டு இருந்தேனே!

— தெரியும்டி.

— எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது. தெருவே வாசல்ல வந்து நின்னு கேக்கப் போகுது உங்களை.

— கேக்கட்டும். நீயே இப்பப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடு. நாளைக்கு வரைக்கும் தள்ளிப் போட்டா எனக்குத் தைரியம் போயிடும்.

— அவன் அழறான். நான் போறேன். உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன்க்கா. அப்புறம்தான். இப்பப் பேசினா வாய்ல தப்பா எதாவது வந்துடும்.

— போயிட்டா. நல்லவ. ரெண்டு நாள் பேசமாட்டா, மூணாம் நாள் உப்புக் கேட்டு வருவா.

— நானே சொல்லியிருப்பேன்க்கா.

— நீ சொல்லியிருந்தா உன் படிப்புக்குப் பழி. என்னை என்ன பண்ணிடுவாங்க, மிஞ்சிப் போனா ரவிக்கை தைக்க வேற கடைக்குப் போவாங்க. அது கெடக்கட்டும், அந்த அத்தியாயம் என்னாகும்?

— கிழிக்க வேண்டியதுதான். எங்க புரொஃபசர் பாறைக்குக் கருமாதியே பண்ணுவார்.

— படிப்பு நின்னு போகுமா?

— நிக்காது. தள்ளிப் போகும், திட்டு விழும். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? உங்க கிணத்தைக் காட்டித்தான் இத்தனை நாளும் தட்டிக் கழிச்சாங்க. நல்ல கிணறு ஒண்ணு இருக்கே, வெளியில இருந்து குழாய் எதுக்குன்னு. இப்போ ஒரு கிணறும் ஆகாதுன்னு எழுதினா, நல்ல தண்ணி கேக்க நமக்கு வாய் இருக்கும். கூட்டத்துல நானே எழுந்து நின்னு கேப்பேன்.

— கேளு. நானும் பக்கத்துல நிக்கிறேன். மூக்கைச் சிந்தாதே, மிஷின் சத்தத்தை விடப் பெருசா இருக்கு. இந்தா, தொடைச்சுக்கோ.

— புதுத் தலகாணி உறைக்கா இது!

— உறைக்கென்ன, துவைச்சாப் போச்சு. உன் மூஞ்சி இப்படி இருந்தா எனக்குத் தாங்கல.

— இன்னும் ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலக்கா. மொத நாள் நான் விழுந்து கெடந்தேன், பாவம்னு குடுத்தீங்க. சரி. அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஏன்?

— விடேன். சொன்னா சிரிப்பே.

— சிரிக்கமாட்டேன். சொல்லுங்க.

— வீட்டுக்காரர் லாரியை எடுத்துட்டுப் போனா எப்ப திரும்புவாரோ அவருக்கே தெரியாது. பொண்ணு ஃபோன்ல நல்லாருக்கியாம்மான்னு கேப்பா, பதில் சொல்றதுக்குள்ள வச்சிடுவா. நீ ரெண்டாவது தடவை வந்தப்போ, செருப்பைக் கழட்டிக்கிட்டே சொன்னே: "மத்த கிணறெல்லாம் ஒரே மாதிரிக்கா, அங்கெல்லாம் இனிமே எனக்கு வேலை இல்ல. உங்களோடது மட்டும் சுத்தமா இருக்கு. அது அப்படியே இருக்கிற வரைக்கும் மாசாமாசம் வந்துடுவேன்"னு. அன்னிக்கு வீட்டுல கேன் காலி கண்ணு. நீ கைகால் கழுவிட்டு வர்றதுக்குள்ள, பின்பக்கமா கடைக்கு ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்.