பச்சை டப்பா

லோர்னா: ...சிவப்பு டப்பா வேண்டாம்னு போன வாரமே சொன்னேன். அது முயல் சுடுறவங்க தோட்டா, எம்மெட். வேகம் ஜாஸ்தி, நிதானம் கிடையாது.

எம்மெட்: வேகமாப் போனா நல்லதுதானே.

லோர்னா: காகிதத்துல ஓட்டை போட என்ன அவசரம்? அது எங்க ஓடிப்போகப் போகுது?

எம்மெட்: சரி, இந்த அஞ்சு தோட்டாவும் தாள்ல எங்க விழுந்திருக்கு? டெலஸ்கோப் உங்க கிட்டதானே இருக்கு.

லோர்னா: ஒண்ணு மேல... ஒண்ணு கீழ... மத்த மூணும் ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை இல்லாத மாதிரி நிக்குது.

எம்மெட்: காத்து அடிச்சிருக்கும்.

லோர்னா: கொடி தூங்குது, பாருங்க.

எம்மெட்: அப்ப துப்பாக்கிக்குத்தான் நாக்கு நீளம். எதை ஊட்டினாலும் பிடிக்கல.

லோர்னா: துப்பாக்கியைச் சொல்லாதீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்த நீல டப்பாவை எடுங்க.

எம்மெட்: நீலத்துக்கு மாறினா முதல்ல பத்து ரவுண்டு சும்மா சுடணும். பழைய தோட்டா மேல இருந்த மெழுகு போய்ப் புதுசோட மெழுகு குழாய்க்குள்ள படியணும்ல.

லோர்னா: படியட்டும். எனக்கென்ன, காபி சூடா இருக்கு.

எம்மெட்: பழம் வச்சுப் பண்ணினீங்களே, அந்த ஹக்கிள்பெரி பை... ஒரு துண்டு?

லோர்னா: நீலம் முடிஞ்சாத்தான் பை.

டெல்பர்ட்: எல்லாரும் நிறுத்துங்க. துப்பாக்கியைத் திறந்து வச்சுட்டுக் கோட்டுக்குப் பின்னால வாங்க. தாள் மாத்துறவங்க போய் மாத்தலாம்... என்ன எம்மெட், ஏப்ரல்ல ஆரம்பிச்சது, அக்டோபர் வந்தாச்சு. பொண்ணு பார்க்குற படலம் இன்னும் முடியலையா?

எம்மெட்: தோட்டா பார்க்குறோம், டெல்பர்ட்.

டெல்பர்ட்: அதைத்தான் நானும் சொல்றேன். இந்த மைதானத்துக்கு நான் காவல் இருக்க ஆரம்பிச்சதுல இருந்து எத்தனையோ பேர் டப்பா டப்பாவா சோதிக்கிறதைப் பார்த்துட்டேன். ரெண்டு சனிக்கிழமை, மிஞ்சினா மூணு. ஒரு டப்பா நல்லா விழும், டப்பா மேல அச்சடிச்சிருக்குற அதே சரக்கு நம்பர்ல ஒரு பெட்டி வாங்கிப் போடுவாங்க, ஆளைக் காணோம்.

லோர்னா: இவர் துப்பாக்கி கொஞ்சம் செல்லம்.

டெல்பர்ட்: துப்பாக்கியா, ஆளா? சரி, நாளைக்குக் கடைசிப் போட்டி. திங்கக்கிழமை கேட்டைப் பூட்டிடுவேன், இனி பனி கரைஞ்சாத்தான். எம்மெட்டுக்கு அந்தக் கவலையும் இல்ல. டூசான்ல மகள் வீட்டுல பனியே கிடையாது.

லோர்னா: ...டூசானா?

டெல்பர்ட்: உங்களுக்குத் தெரியாதா? மகள் கூப்பிட்டுக்கிட்டே இருக்காளாம். இங்க இருக்குற வீட்டை வித்துட்டு ஒரேயடியா... என்ன எம்மெட், எதுக்குக் காலை மிதிக்கிறே?

எம்மெட்: பூட்ஸ் தெரியாமப் பட்டுருச்சு.

டெல்பர்ட்: சரிதான். ரெண்டு பேரும் தாளை மாத்துங்க, நான் அந்தப் பக்கம் போறேன்.

லோர்னா: எப்ப முடிவு பண்ணீங்க?

எம்மெட்: இன்னும் பண்ணல. இன்னிக்குச் சாயங்காலம் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

லோர்னா: நல்ல ஊர்தான். மூட்டு வலிக்கு ஆகும்.

எம்மெட்: எனக்கு எங்க மூட்டு வலி?

லோர்னா: வரும். எல்லாத்துக்கும் வயசு இருக்கு. நீலத்தை எடுங்க, சும்மா நிக்காம.

எம்மெட்: கோபமா?

லோர்னா: எனக்கு எதுக்குக் கோபம்? சனிக்கிழமை சனிக்கிழமை வந்து டெலஸ்கோப்ல பார்த்து எங்க விழுந்துச்சுன்னு சொன்னேன். நான் என்ன பண்டிகைக்கா வந்தேன்.

எம்மெட்: பை பண்ணிக்கிட்டு வந்தீங்களே.

லோர்னா: வீட்டுல பழம் மிஞ்சுச்சு.

எம்மெட்: ஆறு மாசமாவா?

லோர்னா: ...டெல்பர்ட் கை காட்டுறாரு. சுடலாம். சுடுங்க.

எம்மெட்: லோர்னா, இந்த நீலம் எனக்கு வேண்டாம்.

லோர்னா: ஏன்? கடையில இருக்குறதுலயே விலை ஜாஸ்தி, போட்டிக்குன்னே செஞ்சது. மெதுவாப் போகும், ஒரே சீராப் போகும். நாளைக்கு வேற எதை வச்சுச் சுடுவீங்க, வாளியில மொத்தமாக் கொட்டி விக்கிற அந்த மஞ்சள் தோட்டாவையா? அதுல பத்துக்கு ஒண்ணு வெடிக்காம கிளிக்னு சத்தம் போட்டுட்டுப் படுத்துக்கும்.

எம்மெட்: பச்சை டப்பா.

லோர்னா: ...எந்தப் பச்சை?

எம்மெட்: முதல் சனிக்கிழமை சுட்டது. நீங்க அடுத்த மேஜையில உக்காந்திருந்தீங்க. டெலஸ்கோப் கொஞ்சம் குடுங்கன்னு கேட்டேன்.

லோர்னா: அது ஆகாதுன்னு சொன்னீங்களே. தாளை எடுத்துட்டு வரும்போதே கசக்கிக்கிட்டு வந்தீங்க. கண்ட இடத்துல போயிருக்குன்னீங்க.

எம்மெட்: பொய்.

லோர்னா: ம்.

எம்மெட்: அஞ்சும் ஒரே ஓட்டை. ஒரு சின்னக் காசை மேல வச்சா மறைஞ்சுடும். என் துப்பாக்கி அந்த மாதிரி அதுக்கு முன்னால சுட்டதும் இல்ல, அதுக்கப்புறம் சுட்டதும் இல்ல.

லோர்னா: பிறகு எதுக்குக் கசக்கினீங்க?

எம்மெட்: அடுத்த வாரம் வேற டப்பா கொண்டு வரட்டுமா, பார்த்துச் சொல்றீங்களான்னு கேட்கணும்ல... தோட்டா கிடைச்சாச்சுன்னு சொல்லிட்டு எப்படிக் கேட்பேன்? சிரிக்காதீங்க.

லோர்னா: சிரிக்கல. கண்ணுல புகை.

எம்மெட்: இன்னிக்காவது உண்மையைச் சொல்லிட்டு, நாளைக்குப் பச்சையைச் சுட்டு ஒரு கோப்பையை வாங்கி உங்க கையில குடுக்கலாம்னு நெனச்சேன். வியாழக்கிழமை ஹால்டர் கடைக்குப் போனேன். பச்சை இருக்கு. ஆனா நம்பர் வேற. நம்பர் மாறினா அது வேற சரக்கு, என் துப்பாக்கி திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தப் பழைய நம்பர்ல ஒரு டப்பாகூட இல்ல. யாரோ எப்பவோ மொத்தமா அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்களாம்.

லோர்னா: யாருன்னு ஹால்டர் சொல்லலையா?

எம்மெட்: கேட்டேன். சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு மீசையைத் தடவுறான்.

லோர்னா: பரவால்லயே. நம்பக்கூடிய ஆள்தான்.

எம்மெட்: என்ன?

லோர்னா: ஒண்ணுமில்ல. நீங்க போய்த் தாளை எடுக்குறதுக்கு முன்னால நான் டெலஸ்கோப்ல பார்க்க மாட்டேனா, எம்மெட்?

எம்மெட்: ...பார்த்தீங்களா?

லோர்னா: அஞ்சு ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஓட்டை. ரெண்டு தடவை கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் பார்த்தேன். அப்புறம் நீங்க வந்து ஆகாதுன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டீங்க. நானும் ஐயோ பாவம்னேன்.

எம்மெட்: தெரிஞ்சுக்கிட்டே ஆறு மாசமா...

லோர்னா: நீங்களும்தான்.

எம்மெட்: சரி. ரெண்டு பேருமே கள்ளனுங்கதான். ஆனா நாளைக்கு எதை வச்சுச் சுடுறது?

லோர்னா: இந்தாங்க சாவி. என் வண்டிக்குப் பின்னால, கம்பளிக்கு அடியில பாருங்க. ஒண்ணு மட்டும் எடுங்க, மிச்சம் அப்படியே இருக்கட்டும்.

எம்மெட்: ...லோர்னா. இது எல்லாமே பச்சை.

லோர்னா: நம்பரும் சரியா இருக்கும். பாருங்க.

எம்மெட்: ஹால்டர் கடையையே காலி பண்ணினது நீங்களா? எதுக்கு?

லோர்னா: அன்னிக்கே உங்களுக்கு முன்னால ஓடிப்போய் வாங்கினேன். நீங்க பொய் சொன்னது ஒரு வாரத்துக்குத் தாங்கும், அடுத்த வாரம் மனசு மாறிப் பச்சையை வாங்கிட்டீங்கன்னா இங்க எதுக்கு வரப்போறீங்க? போங்க, மகளுக்குப் போன் போடுங்க. கம்பளிக்கு அடியில இருக்குறதெல்லாம் சுட்டு முடிச்சாத்தான் டூசான்னு சொல்லுங்க... நான் இன்னும் ரெண்டு பெட்டி வீட்டுல வச்சிருக்கேன், அதைச் சொல்ல வேண்டாம்.